தம்பியைப் பேயாக எழுதலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். 2004 சுனாமியில் தம்பியை இழந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. அவன் கை என் கையில்தான் இருந்தது. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஒரு கதை எழுத ஆரம்பித்தேன். கடலே இல்லாத ஊரில், மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருக்கும் ஒருத்தியின் வீட்டுக்குள் தினமும் காலையில் ஈரமான கடல் மணல் ஒரு கைப்பிடி கிடக்கிறது. இரவில் தம்பி வந்து போகிறான். பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். அந்தக் காலையை, கை நழுவியதை எழுத வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் ஒரு வரி ஓடவில்லை. நான் எழுதுவது ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான். இப்போது தூக்கமும் கெட்டுவிட்டது. பல வருஷமாக இல்லாத அலைக் கனவு திரும்ப வருகிறது. எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "செத்த புள்ளய பேயா அலைய விட்டுட்டியேடி" என்று அழுதார். இலக்கிய நண்பர் ஒருவர், நடந்ததை நேரடியாக எழுதத் தைரியம் இல்லாமல் பேய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாய் என்கிறார். சில நாள் கண் அசரும் நேரத்தில் தம்பி "அக்கா" என்று கூப்பிடுவது காதில் விழுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இந்தக் கதையை நான் எழுதலாமா, கூடாதா? எழுதிய பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் குரல்.

கண் அசரும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கேட்பது எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் நடக்கிறது. இறந்தவரின் குரல் கேட்பது, அவர் அறையில் இருப்பதுபோலத் தோன்றுவது எல்லாம் துக்கத்தில் இருப்பவர்களிடம் சர்வசாதாரணம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் தன் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், போனவர் இன்னும் கூடவே இருப்பதை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் என்னிடம் கேட்க ஒரு கடிதத்தின் கடைசி வரிகள் வரை காத்திருந்திருக்கிறீர்கள்.

கவலைப்பட வேண்டிய குரல் வேறு மாதிரி இருக்கும். நல்ல விழிப்பில், பட்டப்பகலில், விடாமல் கேட்கும். திட்டும். "நீயும் வா" என்று கூப்பிடும். அப்படி ஒன்று எப்போதாவது வந்தால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால், கதை, கட்டுரை எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. தென்படுவது, பழைய காயம் ஒன்றை ராத்திரி ராத்திரியாகத் தனியாக உட்கார்ந்து கிளறிக்கொண்டிருக்கும் ஒருத்தி.

எழுதினால் மனப்பாரம் குறையும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அதற்கு மூலமான ஆய்வு ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளருடையது, 1986-இல் வெளியானது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், வாழ்க்கையின் மிகக் கொடுமையான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் ஆனது. அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அப்போது தோன்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சின்னப் பலன். அளவைக் கவனியுங்கள்: நான்கு நாள், பதினைந்து நிமிஷம். நீங்கள் மாதக்கணக்கில், நள்ளிரவில், அதுவும் ஒரே காட்சியின் வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கனவு திரும்ப வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அதனால் இன்றிலிருந்து ராத்திரி எழுதுவதை விட்டுவிடுங்கள். லீவு நாள் காலையில், சாப்பிட்ட பிறகு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதுங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் உடம்புக்கு ஒரு வேலை கொடுங்கள்: துணி துவைப்பது, கடைக்குப் போவது, மாடிப்படி ஏறி இறங்குவது, எதுவானாலும் சரி. எழுதிய சூட்டோடு படுக்கப் போவதுதான் கூடாது.

அலைக் கனவுக்கு எங்கள் மனநலத் துறையில் ஒரு சிகிச்சை இருக்கிறது. இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பேரி க்ராகோ என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வரும் கொடுங்கனவுகளுக்கு இதைச் செய்து பார்த்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். முறை ரொம்ப எளிது. கனவை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கனவைத் தினமும் பகலில் சில நிமிஷம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பலருக்குக் கனவின் எண்ணிக்கையும் குறைந்தது, தூக்கமும் தேறியது. "எப்படி வேண்டுமானாலும்" என்பதைக் கவனியுங்கள். நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அலை நடுவானில் நிற்கலாம். உங்களுக்குச் செவுள் முளைக்கலாம். தம்பி அலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரலாம். தூங்க முடியாதவர்களிடம் நாங்கள் மாயக்கதை எழுதத்தான் சொல்கிறோம். உங்கள் இலக்கிய நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். (முதல் தடவை பெரிய கனவில் கைவைக்காமல், சின்னதாக வேறொரு கெட்ட கனவில் பழகிக்கொள்வது நல்லது. ஆலோசகர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது.)

நண்பர் விஷயத்துக்கே வருகிறேன். நேரடியாக எழுதுவதுதான் தைரியம், பேயை வைத்து எழுதுவது ஒளிந்துகொள்வது என்று அவர் சொல்வதில் ஒரு அனுமானம் இருக்கிறது. நடந்தது ஒழுங்கான வரிசையில் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி என்பது அந்த அனுமானம். அப்படி இருந்தால் உங்களுக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. சாதாரண நினைவு பழசாகும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என்றால், அது அப்போது நடந்தது, இப்போது இல்லை என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். உயிர்ப்பயத்தில் பதிந்த நினைவுக்கு அந்தத் தேதி முத்திரை சரியாக விழுவதில்லை என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஒரு சத்தம், ஒரு வாசனை, உள்ளங்கையில் ஒரு இழுப்பு என்று துண்டு துண்டாக இருக்கும். கூப்பிடாமலே வரும். வந்தால் இப்போதே நடப்பதுபோல வரும், போகச் சொன்னால் போகாது. இந்த லட்சணங்களையெல்லாம் நம் ஊரில் எந்தப் பாட்டியிடம் சொன்னாலும், அது என்ன என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். பேயை வைத்து எழுதும்போது நீங்கள் உண்மையை விட்டு விலகிப் போகவில்லை. அந்த நினைவு உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறதோ, அதை அப்படியே எழுதுகிறீர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் கதை இங்கே பொருந்தும். 22 வயதில் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு ட்ரெஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். 1945 பிப்ரவரி 13 இரவு நேச நாட்டு விமானங்கள் அந்த நகரத்தை எரித்தபோது, ஒரு கசாப்புக்கூடத்தின் நிலவறையில் இருந்ததால் பிழைத்தார். மேலே வந்தபோது நகரம் இல்லை. பிறகு கைதிகளை வைத்தே இடிபாடுகளிலிருந்து பிணங்களைத் தோண்டி எடுக்க வைத்தார்கள். ஊர் திரும்பியதும் இதை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தார், முடியவில்லை. 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவல் 1969-இல்தான் வந்தது. வந்தபோது அது நேரடியான போர்க்கதையாக இல்லை. அதில் வரும் பில்லி பில்கிரிம் காலத்தில் வழுக்கி வழுக்கி விழுகிறான். கல்யாண நாளிலிருந்து போர்முனைக்கு, அங்கிருந்து கிழவயசுக்கு. பறக்கும் தட்டில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எல்லாக் கணங்களும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கின்றன என்பது அவர்கள் சித்தாந்தம். விஞ்ஞானக் கதை விளையாட்டு என்று முதலில் தோன்றும். கொஞ்சம் நின்று படித்தால், ஒரு சத்தம் கேட்டதும் இருபது வருஷம் பின்னால் போய் விழும் மனிதனின் நாள் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தப் புத்தகம் இருக்கிறது. இத்தனைக்கும் நாம் இன்று இந்த நோய்க்குச் சொல்லும் பி.டி.எஸ்.டி. (PTSD, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்) என்ற பெயரே அப்போது இல்லை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது ஏறியது 1980-இல்.

அந்த நாவலில் ஒரு பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பில்லி ஒரு போர்ப் படத்தைப் பின்னோக்கிப் பார்க்கிறான். எரியும் நகரத்திலிருந்து தீயை விமானங்கள் உறிஞ்சிக் குண்டுக்குள் அடைக்கின்றன. குண்டுகள் மேலெழுந்து விமானத்தின் வயிற்றுக்குள் போய் அடுக்கிக்கொள்கின்றன. தொழிற்சாலையில் பெண்கள் அவற்றைப் பிரிக்கிறார்கள். கடைசியில் அந்தத் தாதுக்களை யாருக்கும் ஆபத்தில்லாமல் மண்ணுக்குள் புதைக்கிறார்கள். க்ராகோ தன் நோயாளிகளிடம் சொன்னதற்கு முப்பது வருஷம் முன்பே வானகட் தன் கனவைத் திருப்பி ஓட்டியிருக்கிறார். இதை நீங்கள் நகலெடுக்க வேண்டாம். எழுத முடியாத காட்சியை முன்னாலிருந்து பின்னால்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கற்பனையாக எழுதினால் மருத்துவப் பலன் போய்விடுமோ என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1996-இல் வெளியான ஒரு ஆய்வில், முன்பு துயர அனுபவம் இருந்த மாணவிகளில் ஒரு பகுதியினரைத் தங்கள் சொந்தத் துயரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை, தங்களுக்கு நேராத, வேறொருவரின் துயரத்தைத் தமக்கு நேர்ந்ததாகப் பாவித்து எழுதச் சொன்னார்கள். கற்பனையாக எழுதியவர்களுக்கும் பிறகு உடல்நலக் கோளாறு குறைந்தது. ஒரே ஆய்வுதான், அதன்மேல் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் சொந்த ரத்தத்தைத் தொட்டு எழுதினால்தான் செல்லும் என்ற பிடிவாதத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

அடுத்து அம்மா.

நண்பர் சொன்னதைவிட அம்மா சொன்னது கனமானது. உங்களுக்கு இந்தக் கதையில் தம்பி திரும்பி வருகிறான். அம்மாவின் காதில் விழுந்தது, பிள்ளை இன்னும் கரை சேரவில்லை, பசியோடும் ஈரத்தோடும் அலைகிறான் என்பது. அவர் உலகத்தில் பேய் என்றால் கதி கிடைக்காத உயிர். தம்பியின் உடல் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அன்றைக்கு நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அடையாளம் பார்க்கக்கூட நேரமில்லாமல் மொத்தமாகக் குழிகளில் புதைத்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்காத தாய்க்கு "அவன் வருகிறான்" என்று வாசித்துக் காட்டினால் நெஞ்சு வெடிக்காதா?

ஆனால் இதே அம்மாவின் உலகத்தில்தான் வேறொரு வழக்கமும் இருக்கிறது. அகாலத்தில் போனவர்களை நாம் விரட்ட மட்டும் செய்வதில்லை, வீட்டுக்கும் கூப்பிடுகிறோம். வட மாவட்டங்களில் பல குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி கும்பிடுவார்கள். பம்பைக்காரரை வைத்து, குடும்பத்தில் இறந்தவரை வரவழைத்து, அவர் யார் மேலாவது இறங்கிப் பேச, "ஏன் எங்களை விட்டுப் போனாய், வீட்டோடு வந்து இரு" என்று அழைத்து வீட்டுச் சாமியாக உட்கார வைப்பார்கள். தெற்கே கன்னித் தெய்வங்கள் இருக்கின்றன. டிசம்பர் 26 அன்று உங்கள் ஊர்க் கரையில் கடலில் பால் ஊற்றுகிறார்களே, அது யாருக்கு? உங்கள் கதையும் இந்த வரிசையில்தான் வரும். அலைகிற பிள்ளையை ஒரு அக்கா வீட்டுக்குள் அழைக்கிறாள் என்று அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, இஷினோமாகி நகரத்து டாக்சி ஓட்டுநர்களிடம் பேசி ஒரு கல்லூரி மாணவி ஆய்வு எழுதினார். சிலர் இறந்தவர்களை ஏற்றிச் சென்றதாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது: கோடைக்காலத்தில் கனத்த கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறி, அலை அடித்துக்கொண்டு போன பகுதியின் பெயரைச் சொன்னாள். "அங்கே இப்போது ஒன்றுமில்லையே" என்றார் ஓட்டுநர். "அப்போ நான் செத்துவிட்டேனா?" என்று நடுங்கும் குரலில் கேட்டாள். திரும்பிப் பார்த்தால் பின்சீட்டு காலி. இதில் என்னை நிறுத்தியது ஆவி இல்லை, மீட்டர். ஆள் ஏறியதும் மீட்டரைப் போட்டுவிட்டார்கள், ஆகவே அந்தச் சவாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கட்டணத்தைத் தங்கள் கைக்காசிலிருந்து கட்டினார்கள். இவர்கள் யாரும் பெரிதாகப் பயந்ததாகச் சொல்லவில்லை. மறுபடி வந்தால் ஏற்றிக்கொள்வேன் என்றவரும் உண்டு. நடந்தது என்ன என்ற விசாரணைக்கு நான் போகவில்லை. இத்தனை பேர் ஒரே நாளில் போய்விட்ட ஊரில், பிழைத்தவர்கள் மரியாதையாக நடந்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

இனி, நீங்கள் அனுப்பிய பக்கங்கள். தினமும் கிடக்கும் மணலை அவள் முறத்தில் அள்ளுகிறாள். முதல் நாள் குப்பையில் கொட்டுகிறாள். இரண்டாம் நாள் கொட்டப் போய்க் கை வராமல், கழுவி வைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடுகிறாள். சில வாரத்தில் சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்கு நடுவே ஐந்தாறு பாட்டில் மணல். அந்த இடத்தில் ஒரு வார்த்தை விளக்கம் எழுதாமல் விட்டீர்கள் பாருங்கள், அது எழுத்தாளர் செய்கிற காரியம். துக்கத்தை வைத்துக்கொள்ளவும் முடியாமல் வீசவும் முடியாமல் மனிதர்கள் செய்வதை நான் தினமும் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். அதை ஒரு பாட்டிலில் காட்டிவிட்டீர்கள்.

குறை சொல்லலாம் என்றால், தம்பி வரும் பக்கங்கள் மணல் பக்கங்களைவிடப் பலவீனமாக இருக்கின்றன. அவன் ஒரு தடவை ஐந்து வயசுப் பையனாக அழுகிறான், இன்னொரு தடவை பெரிய மனிதன் மாதிரி தத்துவம் பேசுகிறான். அவனுக்கு என்ன வயது என்று நீங்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை. கதை நின்றுபோனதற்குக் கை நழுவிய காட்சி மட்டும் காரணமில்லை என்றும், இதுவும் ஒரு காரணம் என்றும் எனக்குப் படுகிறது.

டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) இந்த ஒரு முடிவின்மேல் நிற்கிற நாவல். 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண் கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு தப்பி, உறைந்துகிடந்த ஓஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்தாள். பிடிக்க ஆட்கள் வந்து சூழ்ந்தபோது, மறுபடி அடிமையாகப் போக விடமாட்டேன் என்று தன் இரண்டு வயது மகளைக் கொன்றாள். நடந்த சம்பவம் இது. மாரிசன் இதை நேரடியாக எழுதவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து அந்தக் குழந்தை திரும்பி வருவதாக எழுதினார். குழந்தையாக இல்லை, உயிரோடு இருந்திருந்தால் என்ன வயது ஆகியிருக்குமோ அந்த வயதுப் பெண்ணாக, முழு உடையோடு தண்ணீரிலிருந்து ஏறி வருகிறாள். ஆனால் தோல் பச்சைக்குழந்தைத் தோல், விரல் முட்டிகளில்கூட ஒரு கோடு கிடையாது. தீராத தாகம், குவளை குவளையாகத் தண்ணீர் குடிக்கிறாள். இனிப்பு என்றால் உயிர். நமக்குள் இருக்கும் இறந்த பிள்ளை வருஷா வருஷம் வளர்ந்துகொண்டும் இருக்கிறது, போன வயதிலேயே நின்றுகொண்டும் இருக்கிறது. "இப்ப இருந்திருந்தா காலேஜ் முடிச்சிருப்பான்" என்று உங்கள் அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார்? சட்டைத் துணி எடுக்கும் கடையில் அந்த வயதுப் பையன்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார். உங்கள் தம்பிக்கு ஐந்தா, இருபதுகளில் ஒரு வயதா, அல்லது இரண்டும் ஒரே உடம்பிலா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்தபின் அதைக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

வயதைப் போலவே மற்ற விதிகளும். எப்போது வருவான், வாசல் வழியாகவா குழாய் வழியாகவா, யார் கண்ணுக்குத் தெரிவான், எதைத் தொட முடியாது, எத்தனை நாள் தவணை. இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் 2022-ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற நாவலில் செத்துப்போன புகைப்படக்காரனுக்கு ஏழு நிலாக்கள் மட்டும்தான் அவகாசம். இந்த விதிகள் கதைக்கட்டுக்கு மட்டும் உதவுபவை என்று நினைக்காதீர்கள். உங்கள் கனவில் வரும் அலைக்கு விதி கிடையாது, அதனால்தான் அது அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது. அது வரும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும் நீங்கள் தீர்மானிக்க முடியாது. கதையில் வரும் தம்பிக்கு விதி போடுபவர் நீங்கள். அவன் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு தடவையும், இருபது வருஷமாக உங்கள் கையில் இல்லாத ஒன்று கொஞ்சம் உங்கள் கைக்கு வருகிறது. கற்பனைக் கதை உங்களுக்குச் செய்யக்கூடிய நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

'பிலவட்'டில் இன்னொன்றும் உண்டு, அதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். குற்ற உணர்ச்சியில் தாய் அந்தப் பெண் கேட்பதையெல்லாம் கொடுக்கிறாள், எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. வேலை போகிறது, சாப்பாடு போகிறது. தாய் வற்றி ஒடுங்க, பேய் கொழுத்துப் பெருக்கிறது. கடைசியில் அவளை மீட்பது அந்தத் தெருப் பெண்கள். முப்பது பேர் திரண்டு வாசலில் வந்து நின்று பாடுகிறார்கள். உங்கள் கதையில் தெருவே இல்லை. மூன்றாவது மாடியில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் காபிப்பொடி கடன் கேட்டு வந்து அந்தப் பாட்டில்களைப் பார்க்கக்கூடாதா? ஊரிலிருந்து அம்மா வரக்கூடாதா? இதைக் கதைக்காகவும் சொல்கிறேன், உங்களுக்காகவும் சொல்கிறேன்.

கை நழுவிய காட்சி. இப்போதைக்கு அதை எழுதாதீர்கள். அதைச் சுற்றி எழுதுங்கள். அது ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு லீவு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அவன் என்ன சட்டை போட்டிருந்தான், அதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், தண்ணீர் வடிந்தபின் நீங்கள் கண்விழித்த இடம். நடுவில் ஒரு பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். பல நல்ல நாவல்களில் அந்தப் பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று அந்தக் காட்சிக்குள் இருக்கிறது. "நான் விட்டுவிட்டேனா?" வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும். அன்று வந்தது லாஞ்சுகளைத் தூக்கி வீட்டுமேல் போட்ட தண்ணீர். ஒன்பது வயசுப் பிள்ளையின் விரல்களில் அதற்கு எதிரான பலம் இருந்ததில்லை, இருந்திருக்கவும் முடியாது. இதை நான் சொல்லி உங்கள் மனம் கேட்டுவிடாது என்பதும் தெரியும். குற்ற உணர்ச்சி நியாயத்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் எனக்கு இந்தத் தொழிலே இருக்காது. ஆனால் ஒரு வேண்டுகோள்: கடைசி அத்தியாயத்தில் தம்பி வந்து "உன் மேல் தப்பில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு ஒளியில் கரைவதாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் உங்களுக்கே நம்பிக்கை வராது, அதன்பிறகு கதையும் உதவாது. ஐந்து வயசுப் பையன் மன்னிப்பைப் பற்றி யோசிப்பானா? பசிக்கிறது என்பான், தன் கிளிஞ்சல் டப்பா எங்கே என்பான், அக்கா ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டாள் என்று முழிப்பான். அவன் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யாதீர்கள். நம் பேய்ப்படங்களில் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு டாக்டர் வந்து, பேயே இல்லை, எல்லாம் இந்தப் பெண்ணின் மனப்பிரமை என்று கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே விளக்குவார். என் தொழிலில் இருப்பவர்கள் வரும் காட்சிகளிலேயே எனக்குப் பிடிக்காதது அதுதான். வீட்டில் மணல் கிடக்கிறது என்றால் கிடக்கிறது. புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் வந்தவள் யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை, நாம் இன்னும் அந்தக் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆக, எழுதலாம். பகலில், அலாரத்தோடு. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால், வேலையில் கவனம் சிதறினால், பகலிலும் அந்தக் காலை நேரம் கண்முன் ஓடினால், கதையை நிறுத்திவிட்டு நேரில் உதவி தேடுங்கள். இதற்கென்றே பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன, இருபது வருஷம் கழித்தும் வேலை செய்யும். கோவையிலேயே பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். முதல் சந்திப்பில், இந்த வகை விபத்து அதிர்ச்சிக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். எழுதிய பக்கங்களையும் எடுத்துப் போங்கள். பேய்க்கதை என்றதும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு "உண்மையில் என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று அவசரப்படுபவராக இருந்தால், வேறொருவரைப் பாருங்கள்.